நுரை வரவில்லை, பம்பு மட்டும் துடிக்கிறது

சுயசேவை கார் கழுவும் நிலையங்கள் இப்போது பல தாமான்களில் வந்துவிட்டன. டோக்கனைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் தண்ணீர், நுரை, மெழுகு என்று வரிசையாக வரும். வாடிக்கையாளர் பார்ப்பது கழுவும் இடத்தை மட்டும்தான். சுவருக்குப் பின்னால் ஒரு சிறிய அறை இருக்கும். அங்கே சவர்க்காரக் கரைசல் நிரம்பிய டிரம்கள், ஒரு கம்பிரசர், சுவரில் வரிசையாகப் பொருத்திய சிறு பம்புகள். உற்றுப் பார்த்தால் ஒன்று விளங்கும்: அந்தப் பம்புகளுக்கு மோட்டார் இல்லை. அவற்றை இயக்குவது வெறும் காற்று.

எஸ்பிஎம் தேர்வு எழுதிவிட்டு, முடிவு வரும்வரை இத்தகைய இடங்களில் வேலைக்குப் போகும் மாணவர்கள் உண்டு. அப்படிப் போன ஒருவர், "பம்பு அடித்துக்கொண்டே இருக்கிறது, நுரைதான் வரவில்லை. முதலாளி புதுப் பம்பு வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். பெரும்பாலும் வேண்டியதில்லை. பம்பை விற்பவர் இதை அவரிடம் சொல்லமாட்டார். இயற்பியல் பாடம் சொல்லும்.

முதலில் பம்பின் உட்புறம். இடப்பக்கம் ஓர் அறை, வலப்பக்கம் ஓர் அறை. ஒவ்வோர் அறையையும் ஒரு ரப்பர் சவ்வு இரண்டாகப் பிரிக்கிறது. சவ்வின் ஒருபுறம் காற்று, மறுபுறம் கரைசல். இரண்டு சவ்வுகளையும் நடுவில் ஒரு தண்டு இணைக்கிறது. கம்பிரசரிலிருந்து வரும் காற்று வலப்பக்கச் சவ்வைத் தள்ளும்போது அதன் முன்னால் இருக்கும் கரைசல் வெளியேறுகிறது. அதே நேரத்தில் தண்டு இடப்பக்கச் சவ்வை இழுக்கிறது. அங்கே இடம் பெரிதாகி அழுத்தம் குறைய, டிரம்மிலிருந்து கரைசல் மேலேறுகிறது. தண்டு ஓர் எல்லையைத் தொட்டதும் காற்று வால்வு பக்கம் மாறும். இப்போது இடப்பக்கம் தள்ளும், வலப்பக்கம் உறிஞ்சும். வேலை முடிந்த காற்று வெளியேறும் ஓசைதான் நாம் கேட்கும் 'டக்... டக்...'.

கரைசல் பின்னோக்கி ஓடாமல் நான்கு ஒருவழி வால்வுகள் காக்கின்றன. நம் இதயத்திலும் நான்கு வால்வுகள் இதே வேலையைத்தான் செய்கின்றன. சவ்வை நம் உதரவிதானத்தோடு ஒப்பிடலாம். அது கீழிறங்கும்போது நெஞ்சறை பெரிதாகி மூச்சு உள்ளே வருவதும் இதே தத்துவம்தான். இவ்வகை இரட்டைச் சவ்வுப் பம்பை 1955-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஜிம் வில்டன் என்ற அமெரிக்கர்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். காற்றின் அழுத்தம் 300 கிலோபாஸ்கல், சவ்வின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.002 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விசை = அழுத்தம் × பரப்பு. ஆக, காற்று சவ்வைத் தள்ளும் விசை 600 நியூட்டன். கரைசல் வெளியேறும் வழியை மூடிவிட்டால் என்ன ஆகும்? கரைசலுக்குப் போக்கிடம் இல்லை. அதன் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் 300 கிலோபாஸ்கலைத் தொடும். சவ்வின் மறுபக்கத்திலிருந்தும் 600 நியூட்டன் எதிர்த்துத் தள்ளும். விசைகள் சமமாகிவிட்டன, பம்பு தானாக நின்றுவிடும். எதுவும் சூடாவதில்லை, எதுவும் எரிவதில்லை. வழி திறந்தால் அடுத்த நொடியே மீண்டும் துடிக்கும். ஈரம் நிறைந்த இடத்தில் மின்மோட்டாரை விட்டு இதைத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

ஆகவே யாரும் நுரையைப் பயன்படுத்தாத நேரத்தில் பம்பு அசையாமல் நின்றால் அது பழுதல்ல. அந்த நேரத்திலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டக்' என்று அடித்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எங்கோ கரைசல் ஒழுகுகிறது. எங்கே? பம்பிலிருந்து கரைசல் வெளியேறும் இடத்திலேயே உள்ள அடைப்பானை மூடிவிட்டுக் காத்திருங்கள். துடிப்பு நின்றால் பம்பு நலம். குற்றவாளி அதற்குப் பின்னால், கழுவும் இடத்துக்குப் போகும் குழாயிலோ அங்குள்ள வால்வுகளிலோ இருக்கிறது. மூடிய பிறகும் துடித்தால் குற்றவாளி பம்புக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் ஒருவழி வால்வில் ஒரு மணல் துகளோ, காய்ந்து கட்டியான சவர்க்காரமோ சிக்கியிருக்கும். வால்வு முழுதாக மூடாததால், மேலே போன கரைசல் டிரம்முக்கே திரும்புகிறது. கழற்றி வெந்நீரில் கழுவினால் போதும். ஒரே ஓர் அடைப்பானைத் திருப்பி, சந்தேகத்தைப் பாதியாக்கிவிட்டோம்.

மாணவர் சொன்ன பழுது இதற்கு நேர்மாறானது. பம்பு வேகவேகமாக அடிக்கிறது, கரைசல் மட்டும் வரவில்லை. டிரம் காலியா என்று முதலில் பாருங்கள் (சிரிக்காதீர்கள், பல நேரங்களில் விடை அதுதான்). காலி இல்லையென்றால் உறிஞ்சு குழாயைக் கவனிக்க வேண்டும்.

பம்பு கரைசலை 'இழுக்கிறது' என்கிறோம். பேச்சுக்குச் சரி, இயற்பியலுக்குச் சரியில்லை. பம்பு செய்வது உள்ளே அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. கரைசலை மேலே தள்ளுவது டிரம்மின் மீது அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம். அதன் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். அதனால்தான் எந்தப் பம்பும், என்ன விலை கொடுத்து வாங்கினாலும், தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் உறிஞ்சி ஏற்ற முடியாது. இந்தச் சிறு பம்புகளால் அதில் ஒரு பகுதிதான் முடியும்.

இந்தக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைசல் சொட்டும், கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்போம். சொட்டாது! உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே அதிகம். ஆகவே கரைசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தரை காய்ந்தே இருக்கும். உள்ளே போன காற்று சவ்வின் முன்னால் தங்கிவிடும். பாய்ல் விதியை நினைத்துப் பாருங்கள்: சவ்வு பின்னால் போனால் அந்தக் காற்று விரியும், முன்னால் வந்தால் சுருங்கும். சவ்வு ஓயாமல் ஆடுகிறது, கரைசல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. திரவத்தை அமுக்குவது கடினம், வாயுவை அமுக்குவது எளிது. இந்த ஒரு வேறுபாடுதான் அந்த நிலையத்தின் ஒரு நாள் வருமானத்தைக் கெடுத்திருக்கிறது.

சோதிப்பது எப்படி? பழைய உறிஞ்சு குழாயைக் கழற்றிவிட்டு, நல்ல நிலையில் உள்ள ஒரு குட்டைக் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையை ஒரு வாளி சுத்தமான தண்ணீரில் விடுங்கள். பம்பு தண்ணீரை ஏற்றினால் அது நலமாக இருக்கிறது. பழுது பழைய குழாயிலோ, இணைப்பிலோ, டிரம்மின் அடியில் உள்ள வடிகட்டியிலோதான். வடிகட்டி அடைத்திருந்தால் இன்னோர் அடையாளமும் உண்டு: மெல்லிய குழாயாக இருந்தால் அது சப்பையாக ஒடுங்கிவிடும். ஒடுக்குவதும் வளிமண்டலம்தான். குழாய், வடிகட்டி, வால்வு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடாதீர்கள். பம்பு ஓடத்தான் செய்யும். ஆனால் எது பழுது என்பது தெரியாமலே போய்விடும். ஆய்வகத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது வகைப் பழுதுக்கு நம் நாட்டு வானிலையே காரணம். பம்பு நடுவழியில் நிற்கும், லேசாகத் தட்டினால் ஓடும், மறுபடி நிற்கும். கரைசல் பக்கத்தில் குறையில்லை. காற்றுப் பக்கத்தில் தண்ணீர் புகுந்திருக்கிறது. 30 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். நம் ஊரில் ஈரப்பதம் 80 விழுக்காடு இருப்பது சாதாரணம். அப்போது ஒரு கனமீட்டரில் 24 கிராம் நீராவி இருக்கும். கம்பிரசர் 8 கனமீட்டர் காற்றை 1 கனமீட்டராக அமுக்கினால் அதற்குள் 192 கிராம் சேரும். அமுக்கிய காற்று பழைய வெப்பநிலைக்கு ஆறியதும் அதில் தங்கக்கூடியது 30 கிராம்தான். மீதி 162 கிராம் தண்ணீராக வடியும், அதாவது முக்கால் கிளாஸ் அளவு. கம்பிரசர் தொட்டியின் அடியில் உள்ள வடிகால் வால்வைத் தினமும் திறந்துவிடாவிட்டால் இந்தத் தண்ணீர் பம்பின் காற்று வால்வு வரை போய், அங்குள்ள கிரீஸைக் கழுவிவிடும். காற்று வால்வு ஒட்டிக்கொள்ளும், பம்பு நிற்கும்.

பம்பைக் கழற்றும் முன் ஒரு வார்த்தை. காற்றை மூடினால் மட்டும் போதாது. சற்று முன் பார்த்தோம், கரைசலும் 300 கிலோபாஸ்கலில் அடைபட்டிருக்கிறது. நுரைத் துப்பாக்கியைத் திறந்து அந்த அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே இணைப்பைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் காரச் சவர்க்காரம் முகத்தில் பீய்ச்சும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சக்கரம் கழுவும் திரவங்களில் சில அமிலத்தன்மை கொண்டவை. அவை குளோரின் வெளுப்பான் கலந்த திரவத்தோடு சேர்ந்தால் நச்சுள்ள குளோரின் வாயு கிளம்பும். ஆகவே ஒரு டிரம்மின் குழாயை அப்படியே இன்னொரு டிரம்மில் விடக்கூடாது. முதலாளி அவசரப்படுத்தினாலும் சரி, கண்ணாடி இல்லையென்றால் 'முடியாது' என்று சொல்லுங்கள்.

காற்று வெளியேறும் வாயிலிருந்தே சவர்க்காரம் கொப்பளித்தால் சவ்வு கிழிந்துவிட்டது. சவ்வை மாற்றத்தான் வேண்டும். ஆனால் எந்த ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். இபிடிஎம் என்ற ரப்பர் காரக் கரைசலை நன்கு தாங்கும். எண்ணெயும் பெட்ரோலிய வகைக் கரைப்பான்களும் பட்டால் உப்பிவிடும். ஒத்த தன்மையுள்ளவை ஒன்றில் ஒன்று கரையும் என்ற வேதியியல் பாடம் இங்கே பணமாகிறது. தார்க்கறை நீக்கும் திரவம் ஓடும் பம்பில் இபிடிஎம் சவ்வைப் போட்டால், மறுபடியும் அதே கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

கரைசல் ஒழுங்காக வருகிறது, ஆனால் நுரையாக இல்லாமல் தண்ணீராக ஓடுகிறது என்றால் பம்பைத் தொடவே வேண்டாம். நுரை என்பது கரைசலும் காற்றும் கலந்தது. அந்தக் கலவைக்குத் தனியாக ஒரு காற்றுக் குழாய் வருகிறது. அதன் திருகை யாராவது திருப்பியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.