நவம்பர் 9: நாளின் மேல் பழி வேண்டாம்

பெர்லினுக்கு என்னைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் நவம்பர் 9 பற்றிச் சொன்னால், எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அந்த நாளுக்கே ஏதோ ராசி இருக்கு." அப்படித் தோன்றுவது இயல்புதான். 1918-இல் ஜெர்மன் முடியாட்சி வீழ்ந்தது, 1923-இல் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி முறியடிக்கப்பட்டது, 1938-இல் யூத வழிபாட்டு இல்லங்கள் எரிந்தன, 1989-இல் பெர்லின் சுவர் திறந்தது. எல்லாம் நவம்பர் 9. ஜெர்மானியர்களே இதை விதியின் நாள் என்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. இந்த நான்கில் மூன்று, ஒன்றிலிருந்து ஒன்றாக மனிதர்கள் இழுத்துக்கொண்டு வந்தவை.

1918-இல் முதல் உலகப் போரின் தோல்வி உறுதியாகியிருந்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் உட்கார்ந்து, முடி துறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் முடிவுக்குக் காத்திராமல், அவர் விலகிவிட்டதாகப் பிரதமர் மாக்ஸ் ஃபான் பாடன் பெர்லினில் அறிவித்துவிட்டார். பிற்பகலில் சமூக ஜனநாயகவாதி ஃபிலிப் ஷைடமான் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசைப் பிரகடனம் செய்தார். சில மணி நேரத்தில் தீவிர இடதுசாரியான கார்ல் லீப்க்னெஹ்ட் அரண்மனையிலிருந்து சோஷலிசக் குடியரசைப் பிரகடனம் செய்தார்.

தோல்விக்கான பழியை வலதுசாரிகள் ஷைடமான் பிரகடனம் செய்த குடியரசின் தலையில் கட்டினார்கள். போர்முனையில் தோற்காத படையை உள்நாட்டில் முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய்யைப் பரப்பி, குடியரசை அமைத்தவர்களை 'நவம்பர் குற்றவாளிகள்' என்றார்கள். 1923 நவம்பர் 8 இரவு மியூனிக்கில் ஒரு பீர் மண்டபத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்த ஹிட்லர், அந்தக் குற்றவாளிகளின் ஆட்சி முடிந்தது என்று அறிவித்தார். மறுநாள் ஊர்வலத்தைப் போலீஸ் சுட்டு நிறுத்தியது. போலீஸார் நான்கு பேரும், மறுபக்கம் பத்துக்கு மேற்பட்டோரும் இறந்தார்கள். ஹிட்லருக்கு ஐந்தாண்டுத் தண்டனை; 1924 முடிவதற்குள் வெளியே வந்துவிட்டார். அந்த நீதிமன்றம் காட்டிய கருணையை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

1933-இல் ஆட்சியைப் பிடித்ததும், சுடப்பட்ட தன் ஆட்களைத் தியாகிகளாக்கி, ஆண்டுதோறும் மியூனிக்கில் நினைவு விழா எடுத்தார். 1938-இல் நடந்ததற்கு இந்த விழாவே மேடையாக அமைந்தது.

அந்த அக்டோபர் இறுதியில், ஜெர்மனியில் வாழ்ந்த போலந்து யூதர்கள் ஆயிரக்கணக்கானோர் எல்லைக்கு விரட்டப்பட்டார்கள். அவர்களில் ஒரு குடும்பத்தின் மகன், பதினேழு வயது ஹெர்ஷல் கிரின்ஷ்பான், பாரிஸில் இருந்தான். நவம்பர் 7 அன்று அங்குள்ள ஜெர்மன் தூதரகத்தில் எர்ன்ஸ்ட் ஃபாம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டான். அவர் 9-ஆம் தேதி இறந்தார். அன்று மாலை நாஜிக் கட்சியின் பழைய தலைவர்கள் எல்லாம் விழாவுக்காக மியூனிக்கில் ஒரே மண்டபத்தில் கூடியிருந்தார்கள். பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து வெறியூட்டிப் பேசினார். கேட்டவர்கள் டெலிபோனை எடுத்துத் தங்கள் மாவட்டங்களுக்கு உத்தரவு போட்டார்கள். விடிவதற்குள் நாடெங்கும் நெருப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழிபாட்டு இல்லங்களும், சுமார் 7,500 கடைகளும் தாக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் வதை முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தீயணைப்புப் படையினர் பக்கத்துக் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நூறு கோடி ரைஷ்மார்க் அபராதம். அதுவும் யூதர்கள் மேலேயே.

ஒரானியன்புர்கர் தெருவில் பொன் வேய்ந்த குவிமாடத்தோடு நிற்கும் யூத ஆலயத்துக்கு விருந்தாளிகளைக் கட்டாயம் கூட்டிப்போவேன். அன்றிரவு அங்கேயும் தீ வைத்தார்கள். வட்டாரப் போலீஸார் கும்பலைத் துரத்தி, தீயணைப்பு வண்டியை வரவழைத்தார்கள். அந்தப் போலீஸ் நிலையத்தின் தலைவர் வில்ஹெல்ம் க்ரூட்ஸ்ஃபெல்ட் மேலதிகாரியின் கண்டனத்தைத் தாங்கிக்கொண்டார். சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் செய்தவர்கள் அவர்கள். அன்று அதற்கே எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது!

1989 மட்டும் இந்தச் சங்கிலியில் சேராது. அன்று மாலை கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷாபோவ்ஸ்கி, நேரலையாக ஒளிபரப்பான செய்தியாளர் கூட்டத்தில், மக்கள் மேற்கே போக அனுமதிக்கும் புதிய பயண விதிகளை வாசித்தார். மறுநாள் அமலுக்கு வரவேண்டியவை அவை. எப்போதிலிருந்து என்று கேட்டதும், காகிதத்தைப் புரட்டிவிட்டு உடனே என்று சொல்லிவிட்டார். சனம் எல்லைக்குத் திரண்டது. போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடியில் பொறுப்பிலிருந்த ஹரால்ட் யேகருக்கு மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவே வரவில்லை. இரவு பதினொன்றரை வாக்கில், சுடாமல், கதவைத் திறந்துவிட்டார். அந்த வாசிப்பு ஒரு நாள் தள்ளிப்போயிருந்தால் நாம் நவம்பர் 10 என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

அரசு விடுமுறை நவம்பர் 9-க்கு இல்லை. இரு ஜெர்மனிகளும் இணைந்த அக்டோபர் 3-க்குத்தான். சுவர் திறந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். 1938 நடந்த தேதியில் பட்டாசு எப்படி வெடிப்பது? எனக்கு இந்த ஏற்பாடே சரியாகப் படுகிறது. இங்கே நடைபாதைகளில் உள்ளங்கை அகலப் பித்தளைப் பட்டயங்கள் பதித்திருக்கிறார்கள். அந்தந்த வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பெயர், பிறந்த ஆண்டு, கொல்லப்பட்ட இடம் எல்லாம் அவற்றில் இருக்கும். நவம்பர் 9 வந்தால் அக்கம்பக்கத்தார் அவற்றைத் துலக்குகிறார்கள். அது வார நாளாக விழுந்தால் பள்ளி உண்டு. ஆசிரியர்கள் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து அந்தப் பெயர்களை வாசிக்க வைக்கலாம். விடுமுறை விட்டால் பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள்.