30 ஆயிரம் ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டு: 8 ஜி.பி.யா, 16 ஜி.பி.யா, இல்ல இப்போதைக்கு வேண்டாமா?

தீபாவளி போனஸ் அக்கவுன்ட்ல ஏறினதும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துல இருந்து கேள்விகள் வர ஆரம்பிச்சிடும். தங்கம் வாங்கலாமா, பைக்குக்கு முன்பணம் கட்டலாமான்னு கேட்பாங்க. இப்போ கூடவே இன்னொண்ணும் வருது: "சார், ஷூ கம்பெனியில மெர்ச்சன்டைசிங்ல இருக்கேன். கைக்கு 28,000 வருது. கேமிங் பி.சி.க்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு எடுக்கலாம்?"

ஆடிட்டர்கிட்ட கேட்டா "வேண்டாம், எஸ்.ஐ.பி. போடு"ன்னு சொல்லுவார்னு நினைப்பீங்க. நான் அப்படிச் சொல்லப் போறதில்ல. உழைக்கிறவன் ராத்திரி ரெண்டு மணி நேரம் விளையாடுறது தப்பே இல்ல. ஆனா கார்டோட விலையை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அது எத்தனை வருஷம் வரும், நடுவுல உங்க சம்பளம் தடுமாறினா என்ன ஆகும், இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்.

முதல் கேள்வி: உங்க சம்பளம் எந்த ஆர்டரை நம்பி இருக்கு?

2025 ஆகஸ்ட் 27-ல இருந்து இந்தியாவுல இருந்து போற பல பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டுச்சு. தோல், ஷூ ரெண்டும் அதுல மாட்டிச்சு. வரி விகிதம் நாளைக்கு மாறலாம். ஆனா நம்ம ஊர் வேலை எவ்வளவு தூரத்துல எடுக்கிற முடிவை நம்பி இருக்குன்னு அது காட்டிடுச்சு. ஆர்டர் குறைஞ்சா முதல்ல ஓ.டி. போகும், அப்புறம் இன்க்ரிமென்ட் தள்ளிப் போகும், அதுக்கப்புறம்தான் ஆள் குறைப்பு பத்திப் பேசுவாங்க.

பொதுவா அவசர நிதியா 3 மாசச் செலவை வைக்கச் சொல்லுவாங்க. எக்ஸ்போர்ட் கம்பெனியில இருக்கிறவங்களுக்கு நான் 6 மாசம் சொல்றேன். வீட்டுக்குக் கொடுக்கிறது, வாடகை, லோன் எல்லாம் சேர்த்து மாசம் 18,000 செலவுன்னா 1,08,000 ரூபாய் தனியா இருக்கணும். அது முழுசா சேரலைன்னாலும் பாதியாவது இருக்கணும். அதுக்குக் கீழ இருந்தா இந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு அடுத்த போனஸ் வரைக்கும் காத்திருங்க. போனஸ் சட்டப்படி குறைஞ்சபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். எல்லா வருஷமும் 20 வரும்னு நம்பி இ.எம்.ஐ. போடாதீங்க.

விலையை நீங்களே கணக்குப் போடுங்க

நடுத்தர விலையில பார்க்க வேண்டிய கார்டுகளும் அமெரிக்காவுல அதோட அறிமுக விலையும் இதுதான்:

- இன்டெல் ஆர்க் பி580, 12 ஜி.பி. (2024 டிசம்பர்): 249 டாலர்
- என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5060, 8 ஜி.பி. (2025 மே): 299 டாலர்
- ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. (2025 ஜூன்): 8 ஜி.பி. 299 டாலர், 16 ஜி.பி. 349 டாலர்
- ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. (2025 ஏப்ரல்): 8 ஜி.பி. 379 டாலர், 16 ஜி.பி. 429 டாலர்

இதுல அமெரிக்க விற்பனை வரி சேரல. அதனால டாலர் ரேட்டால பெருக்கி, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா ஒரு அடிப்படை விலை கிடைக்கும். டாலர் 90 ரூபாய்னு வச்சுக்கலாம். 299 டாலர் கார்டு 31,754 ரூபாய். 349 டாலர் கார்டு 37,064 ரூபாய். 429 டாலர் கார்டு 45,560 ரூபாய். கடையில இதைவிட 2,000 - 3,000 கூடுதலா சொன்னா நியாயம். 8,000 கூடுதலா சொன்னா அடுத்த கடைக்குப் போங்க, இல்ல கொஞ்சம் பொறுங்க. 2025 கடைசியில ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புக்கு அடிதடி ஆகி விலை ஏறிச்சு. மெமரி அதிகமா இருக்கிற கார்டுக்கு அந்தச் சுமையும் அதிகம்.

ஒரு வேடிக்கை பாருங்க. டாலர் ஏறினா பில்லை டாலர்ல போடுற நம்ம கம்பெனிக்கு நல்லது. அதே டாலர் கார்டு வாங்குற நமக்கு எதிரி.

8-க்கும் 16-க்கும் நடுவுல என்ன வித்தியாசம்?

9060 எக்ஸ்.டி., 5060 டி.ஐ. ரெண்டும் ஒரே பெயர்ல 8, 16 ரெண்டு அளவுலயும் வருது. கடையில பெயரை மட்டும் சொல்லி வாங்காதீங்க, பெட்டியில எத்தனை ஜி.பி.ன்னு பாருங்க. உள்ள இருக்கிற சிப் ஒண்ணுதான். மெமரி நிரம்புற வரைக்கும் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல ஓடும். நிரம்பின பிறகு 8 ஜி.பி. கார்டு திக்கித் திணறும்.

வாலரன்ட், சி.எஸ்.2, ஜி.டி.ஏ. 5 மாதிரி கேம்தான் ஆடுவீங்க, மானிட்டரும் 1080பி-ன்னா, 8 ஜி.பி. தாராளம். புது கேம்களை வந்தவுடனே ஆடுறவங்க கதை வேற. 2024 டிசம்பர்ல வந்த 'இன்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' கேமுக்குக் குறைஞ்சபட்சத் தேவையே 8 ஜி.பி.தான். இன்னைக்கு குறைஞ்சபட்சமா இருக்கிறது மூணு வருஷம் கழிச்சு பத்தாது.

இப்போ கணக்கு. 8 ஜி.பி. கார்டு 3 வருஷம் திருப்தியா ஓடும்னு வச்சுக்குவோம்: வருஷத்துக்கு 10,585 ரூபாய். 16 ஜி.பி. கார்டு 5 வருஷம் ஓடும்னா வருஷத்துக்கு 7,413 ரூபாய். இந்த 3, 5 என் அனுமானம்தான், உங்க பழக்கத்துக்கு ஏத்த மாதிரி மாத்திப் போட்டுப் பாருங்க. நீங்க ஆடுறது வாலரன்ட் மட்டும்னா 8 ஜி.பி.யே 5 வருஷம் ஓடும், அப்போ அதுதான் மலிவு.

பழைய பி.சி. இருக்கா?

போர்டு பழைய பி.சி.ஐ. 3.0-ன்னா கவனம். ஆர்டி.எக்ஸ். 5060, 5060 டி.ஐ., ஆர்க் பி580 மூணும் 8 லேன் மட்டும்தான் பயன்படுத்தும். பழைய போர்டுல அது இன்னும் குறுகின ரோடு. 9060 எக்ஸ்.டி. 16 லேன் கார்டு. ஆர்க் கார்டுக்கு 'ரீசைசபிள் பார்' வசதி இல்லாத பி.சி. ஆகவே ஆகாது. பிராசஸர் பழசா இருந்தாலும் அதோட வேகம் குறையும்.

பவர் சப்ளை பெயர் தெரியாத கம்பெனியா இருந்தா, கார்டு பட்ஜெட்லயே ஒரு நல்ல 550 - 600 வாட் பவர் சப்ளைக்கும் பணம் ஒதுக்குங்க. வேலூர் வெயிலைப் பத்தி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கேபினட்ல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு ஃபேன் இல்லாம புது கார்டு போடாதீங்க.

கரன்ட் பில்

கேம் ஆடும்போது மொத்த பி.சி. 300 வாட் இழுக்குதுன்னு வச்சா, தினம் 3 மணி நேரத்துக்கு ரெண்டு மாசத்துல 54 யூனிட். 145 வாட் கார்டுக்கும் 190 வாட் கார்டுக்கும் உள்ள வித்தியாசம் 8 யூனிட்தான், அதுக்காகக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது ஸ்லாப். வீட்டுல ஏற்கனவே 460 யூனிட் ஓடுதுன்னா, இந்த 54 உங்களை 500-க்கு மேல தள்ளிடும். 2024 ஜூலை கட்டணப்படி 500-க்கு மேல ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாயைத் தாண்டும். 500-க்குள்ள இருந்தா கிடைக்கிற சலுகையிலயும் ஒரு பகுதி போயிடும். பில் கட்டுறது அப்பான்னா முதல்லயே சொல்லிடுங்க!

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'க்கும் காஸ்ட் இருக்கு

36,000 ரூபாய் கார்டு, 6 மாசம், மாசம் 6,000. பார்க்க வட்டியே இல்லாத மாதிரி இருக்கும். உண்மையில பேங்க் 15 சதவீத வட்டி போடுதுன்னா, லோன் தொகை 34,476, வட்டி 1,524. அந்த 1,524-ஐத்தான் கடைக்காரரோ கம்பெனியோ தள்ளுபடியாக் கொடுக்கிறாங்க. ஆனா வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. 274 ரூபாய் உங்க தலையில. பிராசஸிங் கட்டணம் 199-ன்னா, ஜி.எஸ்.டி.யோட 235. மொத்தம் 509 ரூபாய். ரொக்கமா வாங்கினா 1,500 குறைக்கிறேன்னு கடையில சொன்னா, 'ஜீரோ' இ.எம்.ஐ.யோட உண்மையான விலை 2,000 ரூபாய்.

இதைவிடப் பெரிய பிரச்சனை, ஓ.டி. நின்ன மாசத்துலயும் 6,000 கட்டியாகணும். கட்ட முடியாம கிரெடிட் கார்டு பாக்கியா விட்டா, மாசத்துக்கு மூணரை சதவீதத்தைத் தாண்டியும் வட்டி ஓடலாம்.

பில், செகண்ட் ஹேண்ட், வரி

காட்பாடியில ட்ரெயின் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ பெங்களூரு எஸ்.பி. ரோடோ போறவங்களுக்கு ஒண்ணு: "பில் வேண்டாம்னா 2,000 கம்மி"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. அந்த 2,000-க்கு நீங்க விக்கிறது பொதுவா 3 வருஷம் வர்ற வாரண்டியை. பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க.

பழைய கார்டு வாங்கினா, அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. எத்தீரியம் 2022 செப்டம்பர்ல மைனிங்கை நிறுத்தினதும் ராத்திரி பகலா ஓடின கார்டுகள் சந்தைக்கு வந்துச்சு. அந்தக் காலத்து மாடல்னா பில்லும் மிச்ச வாரண்டியும் இல்லாம தொடாதீங்க.

வரியில கழிக்கலாமான்னு கேட்பீங்க. சம்பளத்துல இருந்து கழிக்க முடியாது. ஆனா பக்கத்துல ஃப்ரீலான்ஸா வீடியோ எடிட்டிங்கோ ஷூ டிசைனுக்கு 3டி வேலையோ செஞ்சு அந்த வருமானத்தைக் கணக்கு எழுதிக் காட்டுறீங்கன்னா, தொழிலுக்குப் பயன்படுத்துற அளவுக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா பாதி, அதாவது 20 சதவீதம்தான். தீபாவளிக்கு வாங்கினா பாதி கணக்குலதான் வரும். அனுமான வருமானத் திட்டத்துல ரிட்டர்ன் போட்டா தேய்மானம் தனியா கிடையாது.

சுருக்கமா என் முடிவு

அவசர நிதி பாதிகூட இல்லையா? இப்போ வேண்டாம். நிதி இருக்கு, ஆன்லைன் ஷூட்டர் மட்டும் ஆடுவேன்னா, 8 ஜி.பி. கார்டு போதும். நிதி இருக்கு, புது கேம் ஆடணும், அஞ்சு வருஷம் கார்டைத் தொட மாட்டேன்னா, 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி. 5060 டி.ஐ. 16 ஜி.பி.க்குப் போற கூடுதல் 8,500, எடிட்டிங், 3டி மாதிரி என்விடியாவையே கேட்கிற சாஃப்ட்வேர்ல சம்பாதிக்கிறவங்களுக்கு மட்டும்.

எதுவா இருந்தாலும் கார்டு விலை கைக்கு வர்ற ஒரு மாச சம்பளத்தைத் தாண்ட வேண்டாம். 28,000 சம்பளத்துக்கு 37,000 கார்டுதான் வேணும்னா, மாசம் 3,000 வீதம் தனியா சேர்த்து மூணு மாசம் தள்ளி வாங்குங்க. கார்டு எங்கேயும் ஓடிடாது. வாங்கின அன்னைக்கு பாக்கி எதுவும் இல்லாம உட்கார்ந்து ஆடலாம்.