வெளியேறியவர்களும் வெளியேற்றியவர்களும்

வெளியேறினர் தன்வினை, வெளியேற்றினர் பிறவினை. பள்ளிக்கூட இலக்கணம்தானே, இதுல என்ன அரசியல் இருக்கு என்று கேட்கலாம். இந்திய அமைதி காக்கும் படை ஈழத்திலிருந்து விலகியது குறித்த சொல்லாடல் முழுவதும் இந்த றகரம் இரட்டிப்பதில்தான் நடந்தது என்பது என் வாசிப்பு.

1988 டிசம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்ற பிரேமதாச பிறவினையில் பேசினார். ஒப்பந்தத்தின் இரண்டாமாண்டு நாளான 1989 ஜூலை 29க்குள் படை போயாக வேண்டும் என்று கெடு வைத்தார். டில்லிக்கு அது தன்வினை: வந்த வேலை முடிந்ததும் நாங்களே திரும்புவோம். 1989 நவம்பர் தேர்தலில் ராஜீவ் ஆட்சியை இழக்க, வி.பி. சிங் அரசு விலகலை முடித்தது. 1990 மார்ச் 24இல் கடைசிப் பிரிவு திருகோணமலையில் கப்பலேறியது.

இரண்டு வாக்கியத்துக்கும் எழுவாய் அரசுதான். அந்த மண்ணின் மக்கள் எங்கே? அவங்களுக்கும் தேர்தல் நடந்ததே என்பீர்கள். நடந்தது, 1988 நவம்பரில், வடகிழக்கு மாகாண சபைக்கு. புலிகள் புறக்கணித்தார்கள், வடக்கில் உறுப்பினர்கள் போட்டியின்றியே தேர்வானார்கள். அதாவது ஒரு வாக்கும் விழாமல் பிரதிநிதித்துவம் உண்டானது. வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். சபையைத் தாங்கியது படை. அது கிளம்பத் தயாரானதும் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் இளைஞர்களைப் பலவந்தமாகப் பிடித்தார்கள். படை போனது, பெருமாளும் இந்தியா வந்துவிட்டார். பிடிபட்ட பையன்கள் புலிகளிடம் அகப்பட்டார்கள், பலர் செத்தார்கள். 1990 ஜூனில் மறுபடியும் போர்.

கடலின் இந்தப் பக்கமும் சிக்கல் இருக்கிறது. ராயபுரத்தையொட்டிய சென்னைத் துறைமுகத்தில் படை வந்திறங்கியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படை என்பது அவர் சொன்ன காரணம். இதைத் தமிழ்நாட்டின் ஒட்டுமொத்தக் குரலாக வாசிப்பவர்கள் நாலு மாதம் முந்தைய முடிவை மறந்துவிடுகிறார்கள். 1989 நவம்பர் மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வுக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. எங்கள் வடசென்னையும் காங்கிரஸ் அணிக்கே போனது. சரி, அப்போ மக்கள் படையை ஆதரித்தார்களா? அப்படியும் வாசிக்க முடியாது. இரட்டை இலைக்கும் கைக்கும் போட்டவர்களிடம் படை பற்றி யாரும் தனியாகக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதுதான் தேர்தல் முடிவுகளை வைத்து அதிகாரம் செய்கிற வேலை.

2021 ஆகஸ்டில் அமெரிக்கப் படை விலகி முடிக்கும் முன்பே அதிபர் அஷ்ரஃப் கனி காபூலை விட்டுப் போனதையும் இந்த இலக்கணத்தில் வாசிக்கலாம். அந்நியப் படை நிற்கும் மண்ணில் தேர்தல் நடந்தால், எத்தனை இடம் யாருக்கு என்பதோடு நாம் நிறுத்திவிடக் கூடாது. படை போன மறுநாள் அந்தச் சபை யார் தோளில் நிற்கும், அதற்காகப் பிடித்துவரப்பட்ட பையன் எங்கே போவான் என்று அன்றைக்கே கேட்க வேண்டும். 1988இல் அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் இரண்டு தலைநகரங்களிலும் இருந்தார்கள்.