மணம் காக்கும் மரப்பட்டை

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில், அயனம்பாக்கத்தில் எங்கள் மத்ரஸா வாசலில் நின்ற மரமல்லியின் பெருங்கிளையொன்று முறிந்து விழுந்தது. "பூவைத் தவிர இம்மரத்தால் என்ன பயன்? வெட்டிவிடலாமே" என்றனர் சிலர். அவர்களுக்கான விடை ஒரு சிறுவனிடமிருந்து கிடைத்தது.

அவ்வாரம் மாணவன் ஒருவன், காலியான அத்தர்ப் புட்டியின் தக்கை மூடியை முகர்ந்துவிட்டு, "ஹஜ்ரத், அத்தர் தீர்ந்த பின்னும் காய்ந்த மரத்தின் வாசனை வருகிறதே!" என்றான்.

அவன் கண்டது மெய்யே. சந்தனம், அகில், தேவதாரு முதலியவற்றின் வாசனையை நறுமணக் கலையில் மரமணம் என்பர். கார்க் எனப்படும் தக்கையின் மணமும் அவ்வகையினதே. சந்தனத்தின் குழைவும் இனிமையும் இதற்கு இல்லை. உலர்ந்து, அடங்கி நிற்பது இதன் இயல்பு.

தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலக விளைச்சலில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகல் நாட்டினது. மரம் சுமார் 25 ஆண்டுகள் வளர்ந்த பின்னரே முதன்முறை பட்டையை உரிப்பர். அதன்பின் 9 ஆண்டுகளாவது காத்திருப்பர். மரத்தை வெட்டுவதில்லை, பட்டை மீண்டும் வளர்கிறது. 1665-இல் ராபர்ட் ஹூக் உருப்பெருக்கியில் கண்டு 'செல்' எனப் பெயரிட்ட சிற்றறைகள் இத்தக்கையினுடையவையே. காற்று நிறைந்த அவ்வறைகளின் சுவர்களில் உள்ள சூபரின் என்னும் மெழுகு போன்ற பொருள், நீரையும் காற்றையும் எளிதில் ஊடுருவ விடுவதில்லை. ஆகவேதான் அது மணத்தைக் காக்கிறது.

"மதுப்புட்டியை அடைப்பதும் இதுதானே?" என்றான் மற்றொருவன். "பட்டை என்ன பாவம் செய்தது? காப்பது அதன் தொழில். உள்ளே எதை ஊற்றுவது என்பதே நம் பொறுப்பு" என்றேன்.

பிறகு பிள்ளைகளை வாசலுக்கு அழைத்துச் சென்று, மரமல்லியின் வெடித்த பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். விரலுக்குத் தக்கை போலவே மெத்தென்றிருந்தது. ஆங்கிலத்தில் இம்மரத்திற்கு 'இந்தியக் கார்க் மரம்' என்றே பெயர். உயர்ந்த தக்கைக்கு ஈடாகாவிடினும், அதற்கு மாற்றாக இதன் பட்டை பயன்பட்டதுண்டு. மரம் உறுதி குறைந்தது. பெருங்காற்றில் முறியும் என்பதும் உண்மையே. அதற்காக அடியோடு வீழ்த்த வேண்டுமா?

சாய்ந்திருந்த கிளைகளை மட்டும் கழித்தோம். பூக்கும் பருவத்தில் சுபுஹுத் தொழுகை முடிந்து வருவோரை, இரவெல்லாம் மலர்ந்து உதிர்ந்த வெண்பூக்களின் மணம் இன்றும் வரவேற்கிறது. பூவை அள்ளும் பிள்ளைகள் பட்டையையும் ஒருமுறை தடவிவிட்டே உள்ளே வருகின்றனர்.