பெயர் ஒன்று, சரக்கு இரண்டு

ஒரு பெயருக்கு ஒரு சரக்கு என்பது வியாபார தருமத்தின் அரிச்சுவடி. கோயமுத்தூரில் ஒரு பெயரால் விற்கும் மருந்து கும்பகோணத்திலும் அதே மருந்தாக இருத்தல் வேண்டும். இல்லையேல் அப்பெயருக்கு மதிப்பில்லை. ஆனால் ஸ்மார்ட்போன் வியாபாரத்தில் இவ்விதி பல ஆண்டுகளாகக் காற்றில் பறக்க விடப்பட்டிருக்கிறது. பெயர் ஒன்று, உருவம் ஒன்று, விளம்பரம் ஒன்று. உள்ளேயிருக்கும் பிராசஸர் மட்டும் வாங்குவோனுடைய தேசத்தைப் பொறுத்து மாறுகிறது. இது செல்வர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய சச்சரவென்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. பாங்கிக் கணக்கும், பிள்ளைகளின் பாடமும், வேலைக்கு மனுப்போடுவதும் இன்று அச்சிறு கருவிக்குள் அடங்கிவிட்டன. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தவணை கட்டி அதை வாங்குகிற தொழிலாளிக்கு அது மாதக் கணக்கான உழைப்பின் விலையாகும்.

பிராசஸர் என்பது கருவியின் மூளை. வேகமும், படத்தின் தெளிவும், பாட்டரி எத்தனை நாழிகை நிற்கும் என்பதும் பெரும்பாலும் அதன் திறமையைப் பொறுத்தவை. கொரியா தேசத்துச் சாம்சங் கம்பெனி தன் உயர்ந்த ரகமான காலக்ஸி எஸ் வரிசையில் இருவகைப் பிராசஸர்களை வைத்து விற்று வந்திருக்கிறது. ஒன்று அக்கம்பெனியே உருவாக்கிய எக்ஸினாஸ். மற்றொன்று அமெரிக்காவின் குவால்காம் கம்பெனியாருடைய ஸ்னாப்டிராகன். 2020-ஆம் ஆண்டில் வந்த எஸ்20 போனில் அமெரிக்கரும் கொரியரும் பெற்றது ஸ்னாப்டிராகன் 865. இந்தியரும் ஐரோப்பியரும் பெற்றது எக்ஸினாஸ் 990. பின்னது அதிகம் சூடேறுகிறது, பாட்டரியை விரைவில் தீர்க்கிறது என்று இரண்டையும் அருகருகே வைத்துச் சோதித்தவர்கள் எழுதினார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டுக் கம்பெனிக்கு விண்ணப்பம் செய்தார்கள். இருவகைப் பிராசஸர்களும் ஒரே கடுஞ்சோதனையைக் கடந்தவை என்பதே கம்பெனியார் அளித்த விடை.

பின்னர் நடந்தவற்றை நேயர்கள் நோக்குக. 2022-இல் எஸ்22 போனுக்கு இந்தியாவில் ஸ்னாப்டிராகன், ஐரோப்பாவில் எக்ஸினாஸ். 2023-இல் எஸ்23 போனுக்கு உலகெங்கும் ஸ்னாப்டிராகன். 2024-இல் எஸ்24, எஸ்24 பிளஸ் இரண்டுக்கும் இந்தியாவில் மீண்டும் எக்ஸினாஸ், அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன். 2025-இல் எஸ்25 வந்தபோது மறுபடியும் எல்லோருக்கும் ஸ்னாப்டிராகன். எஸ்20 எஃப்இ என்னும் போனின் கதை இன்னும் விசித்திரம். 2020 அக்டோபரில் எக்ஸினாஸுடன் இந்தியாவில் விற்பனைக்கு வந்த அது, அரை வருஷத்திற்குள் அதே உருவத்தில், அதே பெயரின் வாலில் 5ஜி என்று சேர்த்துக்கொண்டு, ஸ்னாப்டிராகனுடன் வந்தது. முந்தி வாங்கினவன் பிந்தினான்.

எக்ஸினாஸ் யாவும் இழிந்த சரக்கு என்பது நமது வாதமன்று. எஸ்24-இல் வந்த எக்ஸினாஸ் 2400 முன்னதைவிட வெகுவாகத் திருந்தியது. பிறன் கையை எதிர்பாராமல் தன் பிராசஸரைத் தானே செய்துகொள்ள ஒரு கம்பெனி முயல்வதைச் சுதேசியம் பேசும் நாம் குறை கூறவும் இயலாது. குறை எங்கே என்றால், ஒரே பெயரின் கீழ் இரண்டு சரக்கு இருப்பதை வாங்குகிறவனிடம் வாங்குமுன் சொல்லாமையிலேதான் இருக்கிறது. இரண்டும் சமமென்றால் அதைப் பெட்டியின் மேல் அச்சிடுவதில் நஷ்டம் என்ன? சமமில்லையென்றால் விலையில் அவ்வேற்றுமை தெரிய வேண்டாமா?

நிற்க. பிராசஸர் வாங்கும் நாளில் தீர்மானமாகிவிடுவது. அப்டேட்டோ வாங்கிய பின்னரும் கம்பெனியார் கையிலேயே இருக்கும் கடிவாளம். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி இந்தியாவில் 5ஜி சேவை துவக்கப்பட்டது. ஐபோன் 12 முதலாக அதற்குப் பின் வந்த ஐபோன்களில் 5ஜி அலையைப் பற்றும் சக்தி அமைந்தே இருந்தது. அமெரிக்காவில் அவை அச்சேவையை முன்னரே பெற்றுவந்தன. இந்தியாவிலோ ஆப்பிள் கம்பெனியின் அப்டேட் வரும்வரை அச்சக்தி பூட்டிக் கிடந்தது. மத்திய சர்க்கார் கம்பெனிகளைக் கூப்பிட்டு வற்புறுத்திய பின், டிசம்பர் மாதத்தில் ஐஓஎஸ் 16.2 வந்து பூட்டைத் திறந்தது. இங்குள்ள சேவையைச் சோதித்துப் பார்க்க அவகாசம் வேண்டுமென்பது நியாயமாகவே இருக்கலாம். எனினும் அதே செப்டம்பரிலிருந்து ஐபோன் 14 சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் கோக்கப்பட்டு வந்ததை நினைக்குங்கால், தமிழர் கை செய்த கருவி தமிழ்நாட்டு அலையைப் பற்ற அயல்நாட்டு அநுமதிக்குக் காத்திருந்தது என்பது உறுத்தாமல் இல்லை.

இவ்வுறுத்தல் ஓசூருக்கு இன்னும் அதிகம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல், லாரியும் மொபெட்டும் டைட்டன் கைக்கடிகாரமும் செய்து நுட்ப வேலையில் பேரெடுத்த பூமி அது. இன்று ஓசூரை அடுத்த டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஐபோனின் வெளிக்கூட்டைக் கடைந்து மெருகிடுகிறார்கள். 2024 செப்டம்பர் 28-ஆம் தேதி அங்கே தீப்பற்றி வேலை நின்றபோது அச்செய்தி உலகமெங்கும் கவனிக்கப்பட்டது. ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. அங்கே இராஜ்யம் மாறுகிறது, பாஷை மாறுகிறது, வாகன வரி மாறுகிறது. அவ்வெல்லைக்கு ஒரு பலகையேனும் உண்டு. கம்பெனிகள் உலகப் படத்தில் வரைந்துகொண்ட எல்லைக்குப் பலகையே கிடையாது.

இவ்வேற்றுமையைத் தலைவிதியென்று ஏற்க வேண்டியதில்லை. இத்தாலியில் 2018-இல், அப்டேட் போட்டதால் பழைய போன்கள் மந்தமாயின என்ற புகாரை விசாரித்த போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு போன் வகையின் விற்பனை முடிந்த பின்னும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் அளிப்பது கட்டாயமாயிற்று. நம் நாட்டிலோ அது கம்பெனியாரின் வாக்குறுதியாகவே நிற்கிறது. உயர்ந்த விலைப் போனுக்கு 7 ஆண்டு என்கிறார்கள். ஏழை வாங்கும் போனுக்கு அதனினும் குறைவு. சட்டம் கேட்ட இடத்தில் உரிமை. கேளாத இடத்தில் தயவு.

நம்மிடம் சட்டமே இல்லையா? இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரக்கின் குணம், அளவு, தரம், விலை முதலியவற்றை அறிந்துகொள்ளுதல் வாங்குவோனுடைய உரிமை என்று 2(9)-ஆம் பிரிவில் கூறுகிறது. புகார் செய்பவன் தான் வசிக்கும் ஜில்லாவிலேயே வழக்கிடலாம் என்கிறது 34-ஆம் பிரிவு. பெங்களூர்க் கடையில் வாங்கிய ஓசூர்வாசி அவ்வூர்க் கோர்ட்டுக்கு அலைய வேண்டுவதில்லை. கிருஷ்ணகிரி ஜில்லாவிலேயே முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை புகாருக்குக் கட்டணமில்லை. ஒரே குறையுடையோர் பலராயின், ஆணையத்தின் அநுமதி பெற்று அனைவர்க்குமாக ஒருவரே வழக்காட 35-ஆம் பிரிவு வழி திறக்கிறது. கூட்டமாகப் புலம்புவோர் பலர். கூட்டாக வழக்கிடுவோர் அரியர். தொழிற்சங்கங்களும் ஊழியர்களும் கையிலெடுக்க வேண்டிய பணி இது.

சர்க்கார் செய்ய வேண்டுவதும் பெரிதன்று. பெட்டியில் அடைத்து விற்கும் சரக்குகள் பற்றிய 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, செய்தவர் பெயர், மாதம், வருஷம், உச்ச விலை, முறையீட்டு விலாசம் யாவும் பெட்டியில் அச்சிடப்படுகின்றன. அவற்றோடு மூன்று வரிகள் சேரட்டும். உள்ளிருக்கும் பிராசஸரின் பெயர் யாது? இதே பெயருள்ள போன் பிற தேசங்களில் வேறு பிராசஸருடன் விற்கப்படுகிறதா? அப்டேட் எந்தத் தேதிவரை நிச்சயம்? மருந்துச் சீசாவில் காலாவதித் தேதி அச்சிடுவது சாத்தியமானால், பதினாயிரக்கணக்கில் விலையுள்ள கருவிக்கு அது அசாத்தியமாகாது.

உலகத்துக்குப் போன் செய்து கொடுக்கும் தேசம் என்று நாம் பெருமை பேசுகிறோம், பேசுவது தகும். ஆனால் தொழிற்சாலை நம் மண்ணில் இருப்பதாலேயே நியாயமும் இங்கே குடிவந்துவிடாது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். அம்மூன்று வரிகளையும் பாராளுமன்றத்திலும் சட்டசபையிலும் நம் பிரதிநிதிகளைக் கொண்டு கேட்பிப்போமாக.