எல்லை தாண்டும் மரபணு நுளம்புகள்: அனுமதியை யாரிடம் கேட்பது?

2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரில், நம் நாட்டில் அதுவரை காணப்படாத ஒரு நுளம்பு இனம் கண்டறியப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற அந்த இனம் இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதற்குள் அது மன்னார்க் கிணறுகளில் பெருகத் தொடங்கிவிட்டது. யாரும் அதைக் கொண்டுவந்து விடவில்லை. தானாகவே வந்து சேர்ந்தது.

மரபணு மாற்றப்பட்ட பூச்சிகளை வெளியில் விடுவது பற்றிய விவாதத்தை நான் இந்த அனுபவத்தை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. 2020இல் கொழும்பிலும் நுகேகொடையிலும் விடப்பட்ட வொல்பாக்கியா நுளம்புகள் மரபணு மாற்றப்பட்டவை அல்ல. அவை ஒரு வகை பக்டீரியாவைச் சுமந்தவை. வட்ஸ்அப் குழுமங்களில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

மரபணு மாற்றத்திலும் இரண்டு வகை உண்டு. ஒக்ஸிடெக் நிறுவனம் பிரேஸிலின் ஜகோபினா நகரில் 2013 முதல் 2015 வரை வாரம் சுமார் நாலரை இலட்சம் ஆண் நுளம்புகளை விட்டது. அவற்றின் குஞ்சுகள் வளராமல் இறந்துவிட வேண்டும் என்பதே திட்டம். ஆனால் ஆய்வுகூடத்திலேயே நூற்றில் மூன்று நான்கு பிழைத்தன. ஆய்வுகூட இனத்தின் மரபணுக்கள் உள்ளூர் நுளம்புகளில் கலந்திருப்பதாக 2019இல் ஓர் ஆய்வு கூறியது. நிறுவனம் அதை மறுத்தது. அந்த ஆய்வின் சில கூற்றுகள் மிகைப்பட்டவை என்ற விமர்சனமும் எழுந்தது. மனிதருக்குத் தீங்கு நேர்ந்ததாக எவரும் நிரூபிக்கவில்லை.

என்னை உண்மையில் யோசிக்க வைப்பது இரண்டாவது வகையான 'ஜீன் டிரைவ்'. சாதாரணமாக ஒரு மரபணு மாற்றம் குஞ்சுகளில் பாதிக்கே போய்ச் சேரும். இதுவோ ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும்படி வடிவமைக்கப்பட்டது. அதாவது, பரவுவதே இதன் நோக்கம். இதுவரை எங்கும் திறந்த வெளியில் விடப்படவில்லை. ஆபிரிக்காவில் இதற்கான பாதையைத் தயார்செய்த டார்கெட் மலேரியா திட்டம், 2019இல் புர்கினா பாசோவின் பானா கிராமத்தில் ஜீன் டிரைவ் இல்லாத மலட்டு ஆண் நுளம்புகளை விட்டது. 2025 ஓகஸ்டில் அந்நாட்டு அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. அயல்நாடான மாலியில் செய்த ஆய்வொன்றோ, அனோபிலிஸ் நுளம்புகள் உயரக் காற்றில் ஏறி ஓரிரவில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போகக்கூடும் என்கிறது. அப்படியானால் ஒரு நாடு தரும் அனுமதி அயல்நாடுகளுக்கும் சேர்த்துத் தரப்படுவதாகாதா?

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவும் இலங்கையும் கார்ட்டஹேனா உயிரியல் பாதுகாப்பு நெறிமுறையில் அங்கத்துவ நாடுகள். மரபணு மாற்றப்பட்ட உயிரி தற்செயலாக எல்லை தாண்டக்கூடிய நிலை ஏற்பட்டால், பாதிக்கப்படக்கூடிய நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 17ஆம் உறுப்புரை. ஆனால் சம்மதம் பெற வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஐக்கிய அமெரிக்கா இதில் அங்கத்துவம் பெறவே இல்லை. நட்டஈடு பற்றிய 2010ஆம் ஆண்டின் துணை நெறிமுறையும் பெரும்பாலானவற்றை அந்தந்த நாட்டுச் சட்டத்திடமே விட்டுவிடுகிறது.

இந்த ஆய்வுகளை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2023இல் மட்டும் மலேரியாவால் 597,000 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் ஆபிரிக்கக் குழந்தைகள். அவர்களுடைய பெற்றோரிடம் பொறுங்கள் என்று சொல்வது இலகுவல்ல. ஆனால் பாக்கு நீரிணையின் எந்தக் கரையில் இத்தகைய நுளம்பை விட எண்ணினாலும், மறுகரையின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். மன்னார்க் கிணறுகளைக் கண்காணிக்கும் செலவு யாருடையது என்பதும் முதல் கூடு திறக்கப்படும் முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும்.