வளைவில் நிற்கும் நீர்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்கள் உள்ளன. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த இவ்வூர்களில் இன்று வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அம்பத்தூர் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. முன்னாளில் மக்கள் கிணற்றடியில் கை கால் கழுவினர். அந்நீர் வாழைக்குப் பாய்ந்தது. இந்நாளிலோ, குளியலறையில் அலமாரியின்மேல் பொருத்திய கழுவுதொட்டியைப் பலர் விரும்புகின்றனர். தொட்டி வீட்டினுள் வரவே, கழிவுநீர்க் குழாயின் வாயும் உடன் வந்தது. அவ்வாயைக் காப்பது எங்ஙனம்?

தொட்டியின் அடியில் குழாய் வளைந்திருப்பதைக் காணலாம். எவ்வளவு நீர் ஓடினும், இறுதியில் சிறிது நீர் அவ்வளைவில் தங்கும். அஃது அடைப்பன்று, காவல். சாக்கடையில் தோன்றும் ஐதரசன் சல்பைடு முதலிய தீய வளிகள் வீட்டினுள் புகாதவாறு அந்நீர் தடுக்கின்றது. இலண்டன் மாநகரில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பார், இத்தகைய வளைவுடைய கழிப்பறை அமைப்புக்கு 1775இல் காப்புரிமை பெற்றார்.

பழைய வீட்டில் புதிய தொட்டி அமைப்போர் முதலில் அளவு பார்த்தல் வேண்டும். சுவரிலுள்ள பழைய கழிவுக்குழாயின் வாய், வளைகுழாயின் வெளிவாயைவிட உயரத்தில் இருப்பின் நீர் வடியாது. நான்கு அடி நீளத்திற்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் சரிவு வேண்டும். குழாய் முழுவதையும் நிரப்பிக்கொண்டு நீர் விரைந்து இறங்கினால், வளைவில் நிற்க வேண்டிய நீரையும் அஃது உறிஞ்சிச் செல்லும். அது நேராவண்ணம், கழிவுக்குழாயோடு இணைத்துக் காற்றுக்குழாய் ஒன்றைக் கூரைக்குமேல் உயர்த்துவர். அலமாரியின் மரப்பலகை வளைவுக்கு இடையூறாயின் பலகையை வெட்டலாம். வளைவை நீக்குதல் ஆகாது.

வளைவு இருந்தும் அதில் நீர் இல்லையேல் பயனில்லை. 2003ஆம் ஆண்டில் ஆங்காங் நகரிலுள்ள அமாய் கார்டன்ஸ் என்னும் அடுக்ககத்தில் 300க்கும் மேற்பட்டோரைச் சார்ஸ் நோய் பற்றியது. குளியலறைத் தரையின் வடிகால் வளைவுகள் பல வறண்டிருந்தமையும், அவற்றின் வழியே நோய்க்கிருமி தாங்கிய நீர்த்துளிகள் வீடுகளுக்குள் ஈர்க்கப்பட்டமையும் அந்நோய் பரவியதற்குக் காரணங்களென ஆராய்ந்தோர் கருதினர். தரையை நீரூற்றிக் கழுவாமல் துடைத்தே வந்தமையால் அவ்வளைவுகள் வறண்டன.

ஆதலின், தொட்டியைப் பொருத்தியபின் அதனை நீரால் நிரப்பி ஒருங்கே திறந்துவிட்டு, இணைப்புகளை உலர்ந்த தாளால் ஒற்றிப் பார்த்தல் வேண்டும். ஈரம் தோன்றின் அங்கே கசிவுண்டு. அலமாரிக்குள் மறைந்த கசிவு பலகையை உளுக்கச் செய்யும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்போர், தொட்டியிலும் தரை வடிகாலிலும் ஒரு குவளை நீர் ஊற்றுதல் நன்று. கதவுக்குத் தாழ் போல, குழாய்க்கு அந்நீர்.